ஒரு சீட்டு, ஒரு குழந்தை, ஒன்பது நாள்

பார்க்கலாம் சாரிடம் லீவு கேட்பதைவிடப் பூட்டிய கதவிடம் கேட்கலாம். கதவாவது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "பாக்கலாம்" என்று சொல்லாது. அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவர் அறைக் கதவில் பித்தளையில் எழுதியிருந்தது. அதைப் படித்த ஆளும் இல்லை, அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்ட ஆளும் இல்லை.

அந்த மூன்றாவது மாடி ஆபீசில் மொத்தம் பதினான்கு பேர். பல் மருத்துவமனைகளுக்கு ப்ரோக்ராம் எழுதித் தருவது தொழில். எந்த நோயாளி எந்த நாற்காலியில் எத்தனை மணிக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று சொல்கிற ப்ரோக்ராம். அதை எழுதுகிறவர்களில் கெட்டிக்காரி யார் என்று கேட்டால், பொறாமைப்படுகிறவர்கள்கூட ஜன்னலோர மேஜையைத்தான் காட்டுவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவள் ப்ராக்கெட். பேச ஆரம்பித்தால் ஒரு விஷயத்துக்குள் இன்னொன்றைத் திறப்பாள், அதற்குள் இன்னொன்றைத் திறப்பாள். கேட்கிறவருக்குத் தலை சுற்றும். ஆனால் திறந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதனால் வந்த பெயர்.

அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. அக்கா மகள் அவளை "போன் சித்தி" என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் குழந்தைக்கு மூன்று வயது. அவள் பிறந்த அன்று ப்ராக்கெட் ஆபீசில் இருந்தாள். "புது ப்ரோக்ராம் ரிலீஸ் முடியட்டும், பாக்கலாம்" என்றார் சார். அந்த ரிலீஸ் முடிந்தது, அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒரே ஒரு தடவை, எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, இரண்டு நாள் போய்ப் பார்த்தாள். இரண்டு நாளும் அந்த மகராசி தூங்கினாள். அதற்கப்புறம் எல்லாம் போனில்தான். குழந்தை போனுக்கு முத்தம் கொடுக்கும். பேசி முடித்ததும் "சித்தி தூங்கட்டும்" என்று போனைத் தலையணைக்கடியில் செருகும். போன மாதம் ஒரு நாள் திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, சித்திக்குக் கால் இருக்கா?" என்று கேட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ப்ராக்கெட்டும் சிரித்தாள். போனை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அழுதாள்.

இப்போது அக்காவுக்கு மறுபடியும் மாதம் நெருங்கியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி நடக்க முடியவில்லை. மாமாவின் அம்மா, அதாவது அக்காவின் மாமியார், பத்தாம் நாள்தான் வர முடியும். நடுவில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளைக்கு அக்கா தங்கையைத்தான் நம்பியிருந்தாள்.

"இந்தத் தடவையும் வரலைன்னா ஒண்ணு செய், போனுக்குள்ளயே குடித்தனம் நடத்திக்கோ. நான் சார்ஜர் வாங்கித் தரேன்."

"வரேன்க்கா. சத்தியமா வரேன்."

"வரப்போ குழந்தைக்குத் தொப்பி ரெண்டு வாங்கிட்டு வா."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு தோய்ச்சுப் போட்டா இன்னொண்ணு போட வேணாமா? எல்லாத்துக்கும் கேள்வி கேக்காத."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

இனி அந்த ஆபீஸ் லீவு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். அங்கே விண்ணப்பம், கையெழுத்து, "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்ற பொய் எதுவும் கிடையாது. லீவும் ஒரு ப்ரோக்ராம் வரிதான். எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்பில் தன் வரியை எழுத வேண்டும். எழுதியதைக் கம்பைலர் என்கிற இன்னொரு ப்ரோக்ராம் படித்துப் பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. முதலாளியம்மாவின் உத்தரவு ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது: பச்சை வந்தால் லீவு வந்தது, அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பார்க்கலாம் சாரின் வாயை மனதில் வைத்துத்தான் அந்த அம்மாள் அதை எழுதினார் என்று பேச்சு.

பழைய ப்ரோக்ராமில் நாலு விஷயத்தையும் ஒரே ப்ராக்கெட்டுக்குள் கொட்ட வேண்டும். யார், எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து, யார் வேலையைப் பார்த்துக்கொள்வார். நாளும் எண், தேதியும் எண். கம்பைலருக்கு இரண்டும் ஒன்றுதான். டெஸ்டர் ஒருவர் இருந்தார், மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். அவர் பன்னிரண்டாம் தேதியிலிருந்து மூன்று நாள் லீவு கேட்டு எழுதினார். எண் இடம் மாறிப்போய் மூன்றாம் தேதியிலிருந்து பன்னிரண்டு நாள் என்று விழுந்துவிட்டது. பச்சை! ஊரார் ஓட்டையை எல்லாம் கண்டுபிடிக்கிற மனிதர், இந்த ஓட்டையைக் கண்டும் மூச்சுவிடவில்லை. பெட்டியைக் கட்டினார், போனார், பன்னிரண்டு நாள் கழித்துக் கறுத்துப்போய்ச் சிரித்த முகமாகத் திரும்பினார்.

பார்க்கலாம் சார் கொதித்தார். ஆனால் சுவரில் உத்தரவு இருந்தது. கொதிப்பெல்லாம் ப்ராக்கெட் பக்கம் திரும்பியது.

"புதுசா எழுதும்மா. இந்த மாதிரி இனிமே நடக்கவே கூடாது. நாலையும் ஒண்ணா என் தலையில கொட்டாம, ஒவ்வொண்ணா கேக்கணும். புரியுதா? ஒவ்வொண்ணா!"

"ஒவ்வொண்ணா சார்," என்றாள் ப்ராக்கெட். அப்போதே அவள் மூளையில் ஒரு விஷமம் கண் விழித்துவிட்டது.

ஒவ்வொன்றாகக் கேட்கிற வித்தை ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்குப் பழையதுதான். கரியிங் என்பார்கள். ஒரு கணித மேதையின் பெயரை ஒட்டி வந்தது, அடுப்படிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆபீஸ் கவுண்டர் ஜன்னல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதம் கொடுத்தால், வேலையை முடிக்காமல், "இது இருக்கு, இனி அடுத்ததை மட்டும் கொண்டா" என்று ஒரு டோக்கன் தரும். அந்த டோக்கனோடு அடுத்த காகிதத்தைக் கொடுத்தால் அடுத்த டோக்கன். கடைசிக் காகிதம் விழுந்தால்தான் காரியம் நடக்கும். இடையில் எந்த டோக்கனையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாம், கொடுத்தது கொடுத்தபடி பத்திரமாக இருக்கும். கூடவே அவள் ஒவ்வொன்றுக்கும் தனி ப்ராக்கெட்டும் தனி இனமும் வைத்தாள். நாள் கேட்கிற இடத்தில் தேதியைப் போட்டால் சிவப்பு. தேதி கேட்கிற இடத்தில் ஆளைப் போட்டால் சிவப்பு. பார்க்கலாம் சாரின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் நாள் கணக்கை உண்டாக்க முடியும். பொறுப்பை, ஏற்றுக்கொள்கிறவர் மட்டும்தான் உண்டாக்க முடியும். எவனும் எதையும் எதிலும் திணிக்க முடியாது.

எல்லாம் சரி. எதை முதலில் கேட்பது? அதை எழுதுகிறவள்தானே தீர்மானிக்க வேண்டும்? முதலில் நாள், பிறகு பொறுப்பு, பிறகு ஆள், கடைசியில் தேதி என்று வைத்தாள். தேதி கடைசியில் இருந்ததில் நியாயம் இருந்தது. பிறக்கப்போகிற குழந்தை இன்னும் தேதி சொல்லவில்லை. ஆனால் ஆளை மூன்றாவதாகத் தள்ளினாளே, அது சுத்தமான போக்கிரித்தனம். அவள் பெயரைக் கேட்டாலே சாருக்கு ரிலீஸ் ஞாபகம் வந்துவிடும்.

புதன்கிழமை அவர் டீ குடிக்கிற நேரம் பார்த்து உள்ளே போனாள்.

"சார், நம்ம விதிப்படி ஒரு லீவுக்கு எத்தனை நாள் எடுக்கலாம்?"

"பத்து வரைக்கும். ஏன்?"

"புது ப்ரோக்ராமுக்கு நாள் ஒண்ணு வேணும் சார். ஒன்பதுன்னு போட்டுக் கொடுங்களேன்."

"யாருக்கு?"

"அதை இப்பக் கேக்காது சார். ஒவ்வொண்ணா கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

தன் வார்த்தை தனக்கே திரும்பி வந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். பட்டனை அமுக்கினார். ஒன்பது நாள் பிறந்தது.

அடுத்து டெஸ்டர்.

"ஒரு ஆளோட வேலையை ஒன்பது நாள் பாத்துக்கணும்."

"யாரோடது?"

"உங்க பன்னெண்டு நாள்ல உங்க வேலையை யார் பாத்தா, ஞாபகம் இருக்கா?"

டெஸ்டர் மறுபேச்சில்லாமல் பட்டனை அமுக்கினார்.

இப்போது அவள் கையில் பாதி நிரம்பிய ஃபங்ஷன் ஒன்று, அதாவது அந்த டோக்கன், இருந்தது. இரண்டு ப்ராக்கெட் நிரம்பியாயிற்று, ஆள், தேதி இரண்டும் காலி. அதற்கு "ஒன்பதுநாள்" என்று பெயர் வைத்துப் பொதுக் கோப்பில் பத்திரப்படுத்தினாள். அன்று சாயங்காலம் அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

"அப்போ பாதி சொல்லிட்டு, மீதியை அப்புறமா சொல்லலாம்கிற?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. சொன்ன வரைக்கும் பத்திரமா இருக்கும். மீதி வரப்போ வரட்டும்."

"நல்லா இருக்கேடி இது!" அக்கா வெகுநேரம் சிரித்தாள். அவ்வளவு சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று தங்கைக்குப் புரியவில்லை.

கெட்டிக்காரிகள் சறுக்குவது தெரியாத இடத்தில் இல்லை, ரொம்பத் தெரிந்த இடத்தில். பாதி நிரம்பிய ஃபங்ஷன் ஒரு தடவை கூப்பிட்டால் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் புதுசாகவே வந்து நிற்கும். அதை அவள் வருகிறவன் போகிறவனெல்லாம் படிக்கிற கோப்பில், ஆள் இடத்தைக் காலியாகத் திறந்துபோட்டு வைத்துவிட்டாள். நாளுக்குச் சம்மதம் இருக்கிறது, பொறுப்புக்கு ஆள் இருக்கிறது, உன் பெயரும் தேதியும் மட்டும் போதும். இதைவிட இளிச்சவாய்த்தனம் உண்டா?

வெள்ளிக்கிழமை, ப்ரோக்ராமுக்குப் படம் வரைகிற டிசைனர் அதைப் பார்த்தான். தன் பெயரைப் போட்டு, வருகிற வியாழக்கிழமைத் தேதியைப் போட்டான். பச்சை. நம்ப முடியாமல் அதே வரியை இன்னொரு தடவை எழுதினான். அதுவும் பச்சை. பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் ப்ராக்கெட் கோப்பைத் திறந்தபோது அவளுடைய "ஒன்பதுநாள்" ஏழு பேருக்கு லீவு கொடுத்திருந்தது. எல்லாம் வியாழக்கிழமையிலிருந்து. ஏழு பேர் வேலைக்கும் பொறுப்பு டெஸ்டர். கடைசி வரியைப் பார்த்ததும் அவள் தலையில் கைவைத்தாள். மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்த அவசரத்தில் டெஸ்டரே தன் பெயரையும் போட்டிருந்தார். டெஸ்டர் லீவில் போகும்போது டெஸ்டரின் வேலையை டெஸ்டர் பார்த்துக்கொள்வார். அதுவும் பச்சை!

"ஏழு பேர் வேலையும் என் தலையிலயா?" டெஸ்டர் ஓடிவந்தார். "நான் ஒரு ஆளுக்குத்தானே ஒத்துக்கிட்டேன்!"

"ஏழுல ஒண்ணு நீங்கதான் சார். ஆறுன்னு வெச்சுக்கோங்க," என்றான் டிசைனர்.

பார்க்கலாம் சார் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதிலிருந்தே விஷயத்தின் தீவிரம் எல்லோருக்கும் புரிந்தது. எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். டிசைனர் பேசாமல் சுவரைக் காட்டினான். முதலாளியம்மாவுக்குப் போன் போயிற்று.

அந்த அம்மாள் குட்டையானவர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து எல்லா வரியையும் படித்தார். டெஸ்டரின் வரி வந்தபோது உதடு லேசாகத் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"நான் சொன்னது சொன்னதுதான். பச்சைன்னா லீவு. ஆனா இது சரியான பச்சையான்னு எழுதின பொண்ணுதான் சொல்லணும். சொல்லும்மா, உன் ப்ரோக்ராம் சரியா, தப்பா?"

பதின்மூன்று ஜோடிக் கண்கள் ப்ராக்கெட்டைப் பார்த்தன. சரி என்று சொன்னால் ஏழு பேரும் போவார்கள், வியாழக்கிழமை பல் மருத்துவமனைகள் தலையில் அடித்துக்கொள்ளும், ஆனால் அவளுடைய ஒன்பது நாளும் நிற்கும். தப்பு என்றால் எல்லாமே சிவப்பு, அவளுடையதும் சேர்த்து. டிசைனர் அவளைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றான். போக்கிரித்தனம் செய்யத் தெரிந்தவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, என்ன செய்ய?

"தப்பும்மா," என்றாள். "டெஸ்டர் ஒரு ஆளுக்குத்தான் ஒத்துக்கிட்டார். எந்த ஆளுக்குன்னு நான் எழுதி வெக்கல. ஆளை முதல்ல கேட்டிருந்தா அவரோட சம்மதம் அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும். வேற ஆளுக்குப் போட்டா கம்பைலரே சிவப்பு காட்டியிருக்கும். வேணும்னேதான் நான் ஆளைப் பின்னால வெச்சேன்."

"ஏன்?"

"என் பேரைக் கேட்டா சார் பாக்கலாம்னு சொல்லிடுவார்னு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பார்க்கலாம் சார் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார், சிரிப்பு நின்றது.

அங்கேயே, அத்தனை பேரும் பார்க்க, அவள் ஆளை முதல் ப்ராக்கெட்டுக்குக் கொண்டுவந்தாள். நாளும் பொறுப்பும் இனி அந்த ஆளுக்கென்றே ஆனவை. கம்பைலர் ஒரு தடவை மூச்சு இழுத்தது. வரி வரியாகச் சிவப்பு. முதலில் டிசைனர், பிறகு மற்றவர்கள், கடைசியில் டெஸ்டர். அவளுடைய "ஒன்பதுநாள்" எல்லாவற்றுக்கும் மேலே சிவந்து கிடந்தது. டிசைனர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

மத்தியானம் அவள் பார்க்கலாம் சாரின் அறைக்குப் போனாள். இந்தத் தடவை டீ நேரம் பார்க்கவில்லை.

"சார், எனக்குத்தான் லீவு. ஒன்பது நாள்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாக்கலாம்னு சொல்லாதீங்க சார்," என்றாள் அவள், அவர் வாய் திறக்குமுன். "போன தடவையும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க. என் அக்கா பொண்ணுக்கு மூணு வயசாச்சு. என்னைப் போன் சித்திங்கிறா. எனக்குக் கால் இருக்கான்னு கேக்கிறா சார்."

துடைப்பதற்காக எடுத்த துணி அவர் கையிலேயே நின்றது. கொஞ்ச நேரம் அவர் அவளுடைய காலைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எந்தத் தேதியிலேர்ந்து?"

"தெரியாது சார். அக்காவுக்கு அடுத்த குழந்தை பொறக்கற அன்னிக்கு."

"தேதி இல்லாத லீவா? பா..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அதுக்கு வழி இருக்கு சார். மூணு ப்ராக்கெட்டையும் இப்பவே நிரப்பிடலாம். கடைசி ப்ராக்கெட் தேதிக்குப் பதிலா குழந்தையைக் கேக்கட்டும். குழந்தை வந்தா லீவு ஓடும். வராத வரைக்கும் சும்மா காத்துக்கிட்டு இருக்கும்."

"நீயே பொறந்துடுச்சுன்னு எழுதிக்கிட்டா?"

"முடியாது சார். குழந்தைங்கிற இனத்தை நான் உண்டாக்கவே முடியாத மாதிரி எழுதறேன். ஆஸ்பத்திரி பிறப்புச் சீட்டைப் பாத்து நம்ம ஆபீஸ் ரிசப்ஷன் அக்காதான் உண்டாக்கணும்."

பார்க்கலாம் சாருக்கு அது பிடித்துப்போயிற்று. யாரும் ஏமாற்ற முடியாத ஒன்றைக் கண்டால் அவருக்கு ஒரு மயக்கம். ஆனாலும் ஒரு தடவை சூடு பட்டவர், பென்சிலை எடுத்து மேஜையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

"எழுதிக்கோ. ஒரு சீட்டு, ஒரு குழந்தை, ஒன்பது நாள். சீட்டு இல்லாம குழந்தை கிடையாது. அப்புறம், அந்த டிசைனர் ஒரே வாரத்துக்கு ரெண்டு தடவை எழுதினான் பாரு, அந்தத் திருட்டுத்தனம் கூடாது. ஒருத்தரோட ரெண்டு லீவு ஒண்ணுமேல ஒண்ணு விழக் கூடாது. முதல் லீவு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது ஆரம்பிக்கணும். சரியா?"

"சரி சார். அப்படியே எழுதறேன்."

அப்படியேதான் எழுதினாள், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் நாளைக் கொடுத்தார். டெஸ்டர் இந்தத் தடவை ஆள் பெயரை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கினார். கடைசி ப்ராக்கெட் மட்டும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு மாமாவின் போன் வந்தது. "பொண்ணு பொறந்திருக்கு!" பின்னால் அக்காவின் குரல் ஏதோ சொன்னது, மாமா "சரி சரி" என்று சட்டென்று வைத்துவிட்டார். சீட்டின் படம் வந்தது. ரிசப்ஷன் அக்கா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, குழந்தையை உண்டாக்கி, ப்ராக்கெட்டுக்குள் போட்டாள். பச்சை. ஆபீசே கைதட்டியது. டிசைனர்கூட. பார்க்கலாம் சார் அறை வாசலில் நின்று, "போ போ, பஸ்ஸ விட்டுடப் போற," என்று விரட்டினார். எத்தனையோ வருஷத்தில் அவர் ஒருவரை அவசரப்படுத்தியது அன்றுதான்.

ஆறு மணி நேர பஸ். ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ஒரு பெஞ்சில் மாமாவின் மடியில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுக் குழந்தை முதலில் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கீழே பார்த்தது. கண் இரண்டும் அகல விரிந்தன.

"அப்பா! சித்திக்குக் கால் இருக்கு! ரெண்டு இருக்கு!"

ஓடிவந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டது. ப்ராக்கெட் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், யார் பார்த்தால் என்ன?

அறைக்குள் அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு ராணி மாதிரி சிரித்தாள். பக்கத்தில் துணிச்சுருள் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

"அக்கா!"

"தொப்பி ரெண்டு கொண்டுவந்தியா?"

"ரெட்டையா? எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணாவது மாச ஸ்கேன்லயே. உனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். நீதானேடி சொன்ன, பாதி சொல்லிட்டு மீதியை அப்புறமா சொல்லலாம்னு."

"அடிப்பாவி!" என்றாள் ப்ராக்கெட். இரண்டு குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமாவின் அம்மா ஒருத்தி வந்து இரண்டையும் சமாளிப்பதாவது? திடீரென்று அவள் முகம் மாறியது. அவள் மூளையில் பழைய விஷமம் மறுபடியும் கண் விழித்திருந்தது.

"மாமா, ரெண்டாவது குழந்தைக்கும் சீட்டு கொடுத்திருப்பாங்களே?"

"கொடுத்தாங்களே. ஆளுக்கொண்ணு."

பாதி நிரம்பிய ஃபங்ஷன் ஒரு தடவை கூப்பிட்டால் தீர்ந்துபோகாது என்று முன்பே சொன்னேன். ஆள் அவளேதான், ஒன்பது நாள் சார் கொடுத்ததுதான், டெஸ்டர் அவளுக்கென்றே ஒத்துக்கொண்டதுதான். ப்ராக்கெட் இரண்டாவது சீட்டின் படத்தை ரிசப்ஷன் அக்காவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது, பச்சை நிறத்தில் ஒரு வரி. அடுத்து டெஸ்டரிடமிருந்து ஒரு சேதி: "ரெட்டையா? நான் செத்தேன்."

அப்புறம் போன் அடித்தது. பார்க்கலாம் சார்.

"என்னம்மா இது? உனக்குப் பதினெட்டு நாள்னு காட்டுது!"

"ஒரு சீட்டு, ஒரு குழந்தை, ஒன்பது நாள் சார். நீங்க சொன்னபடி எழுதினதுதான். முதல் லீவு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது ஆரம்பிக்கணும்னீங்க, அதான் சேந்தாப்ல ஓடுது."

மறுபக்கத்தில் துணியால் கண்ணாடியைத் தேய்க்கிற சின்ன ஓசை மட்டும் கேட்டது. சுவரில் ஒட்டியிருந்த உத்தரவை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ரெண்டும் சௌக்கியமா?" என்று கேட்டார் கடைசியில்.

"ரெண்டும் சௌக்கியம் சார். அக்காவும் நல்லா இருக்கா."

"சந்தோஷம்." கொஞ்சம் தயங்கினார். பிறகு, ரொம்பத் தணிந்த குரலில், "ஏம்மா... மூணாவதா ஒண்ணும் இல்லையே?"

ப்ராக்கெட் அக்காவைப் பார்த்தாள். அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெரிய பெண் சித்தியின் காலை இன்னும் விடவில்லை.

"பாக்கலாம் சார்," என்றாள் ப்ராக்கெட்.